பால் ஆகாதவள் மலாக்கா போன கதை

பால் எனக்கு ஆகாது. குடித்த அரை மணி நேரத்தில் உதடு வீங்கி, கன்னமெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, கண் இரண்டும் இடுங்கிப்போகும். தயிர், மோர், வெண்ணெய், நெய் எதைத் தொட்டாலும் இதே கதிதான். முட்டையும் கறியும் எங்கள் வீட்டு வாசற்படி ஏறாது. ஆகவே கும்பகோணத்தில் பிறந்தும், கல்யாணப் பந்தியில் ரசச் சோற்றோடு கை கழுவ எழுந்து போகிற ஜன்மமாகவே முப்பத்தெட்டு வயதுவரை வந்துவிட்டேன். நெய்க்கிண்ணத்தோடு வருகிறவர் என் இலைமேல் நான் கையை விரித்து மறைப்பதைப் பார்த்து, இவளுக்கு என்ன திமிர் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்வார்.

இருபத்திரண்டு வயதில் எனக்கு நிச்சயம் வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் ஒரு டம்ளர் பாலை நீட்டினாள். நான் மெதுவாகத் தள்ளி வைத்தேன். முதன்முதலாகக் கொடுத்ததையே தட்டிவிட்டாளே என்று முணுமுணுப்பு கிளம்பியது. அப்பா விளக்கம் சொன்னார். சொல்லச் சொல்ல, பெண்ணுக்கு ஏதோ வியாதி என்று ஆகிவிட்டது. தாம்பூலம் மாற்றாமலே வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு நான் பள்ளிக்கூடத்து டீச்சர் ஆனேன். வருத்தமே இல்லை என்றால் பொய். ஆனால் அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டும் இல்லை.

மலாக்காவில் வேலை பார்க்கும் என் தம்பி சுந்தரத்திடமிருந்து இந்த வருஷம் ஒரு கடிதம் வந்தது. அவன் ஓர் ஆபீசில் வரைபடம் வரைகிறவன். அங்கே டைப் அடிக்கிற அம்பிகா என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவள் குடும்பம் அந்த ஊரிலேயே காஜா பெராங் என்ற பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற செட்டி குடும்பம். மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள், பெயரெல்லாம் நம் பெயர்தான், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழ் நாலு வார்த்தைகூடத் தெரியாது என்று ஒளிக்காமல் எழுதியிருந்தான்.

அப்பாவுக்கு முட்டிவலி, கப்பல் ஏற முடியாது. இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீ போய்ப் பார். அவங்க வீட்டுல ஒரு வேளை வயிறாரச் சாப்பிடு. சாப்பிட முடிஞ்சா தந்தி கொடு, நான் சம்மதிக்கிறேன். முடியலேன்னா பேசாம திரும்பி வந்துடு" என்றார். ஏன் என்னை அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொண்டால் உலகத்தில் யாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றார். அப்பாவின் கிண்டல் அப்படித்தான், நியாயத்தோடு சேர்ந்தே வரும்.

மலாக்காவில் முதல் காலை. சுந்தரம் செமாபோக் என்ற பகுதியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். வீட்டுக்காரத் தமிழ்க் குடும்பம் எனக்கு உள்ளே ஒரு கட்டில் கொடுத்தது. பல் தேய்த்து வருவதற்குள் தெருவில் ஒரு சீனர் இரண்டு வாளிகளைக் காவடி மாதிரித் தோளில் தொங்கவிட்டபடி கூவிக்கொண்டு போனார். சுந்தரம் ஓடிப்போய் ஒரு கிண்ணம் வாங்கி வந்தான். வெள்ளைவெளேரென்று, கரண்டி பட்டால் நடுங்குகிற கட்டி. மேலே கருப்பாகப் பாகு. நான் ஓர் அடி பின்வாங்கினேன்.

"தயிரைக் கொண்டாந்து என்கிட்ட நீட்டறியேடா, மறந்துட்டியா?"

"தயிர் இல்லக்கா. சோயாப் பயறை ஊறவச்சு அரைச்சுக் கட்டினது. மேல ஊத்தியிருக்கறது தென்னங் கருப்பட்டிப் பாகு. பயப்படாம சாப்பிடு."

ஒரு கரண்டி வாயில் போட்டேன். தொண்டையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. எப்போது தடிக்கும் என்று உதட்டைத் தடவித் தடவிப் பார்த்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் தெருக்கோடிக்குப் போய்விட்ட சீனரை மறுபடி கூப்பிடச் சொன்னேன். மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். தயிர் எப்படி இருக்கும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்களே, அந்தக் குளிர்ச்சியை முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக நாக்கில் கண்டேன். சொல்லக் கூச்சம்தான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றே மார்க்கெட்டுக்குப் போனோம். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பாதி எனக்கு விலக்கு. இங்கே அதே சோயாப் பயறு வெள்ளைப் பலகையாக வெட்டித் தண்ணீரில் கிடந்தது, தவ்ஃபூ என்றார்கள். இன்னொரு பக்கம் முழுப் பயறாகவே புளிக்கவைத்து, ஒன்றோடொன்று ஒட்டவிட்டு, வாழையிலையில் மடித்த தெம்பே. அதே பயறைப் பாலாகக் காய்ச்சிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி விற்கிறார்கள். தேங்காயை உரித்துக் கொடுத்தால் ஓர் இயந்திரம் கண் மூடித் திறப்பதற்குள் துருவிக் கொட்டுகிறது. கும்பகோணத்தில் துருவலோடு விரல் தோலையும் சேர்த்துத் துருவுகிறவள் நான். அந்த இயந்திரத்தின் முன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்து நின்றேன். பின்னால் நின்ற மலாய் அம்மாள் ஏதோ சொன்னாள். சுந்தரம் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்: "இந்த அக்கா இயந்திரத்தை வாங்கப் போறாளா, தேங்காயை வாங்கப் போறாளான்னு கேக்கறாங்க."

சுந்தரத்தின் கரி அடுப்பில் தவ்ஃபூவைப் புளிக்குழம்பில் போட்டேன். கத்தரிக்காயைவிட நன்றாகக் குழம்பை உறிஞ்சிக்கொண்டது. தெம்பேயை வாழைக்காய் மாதிரி சீவி மிளகாய்த்தூள் தடவித் தேங்காயெண்ணெயில் வறுத்தேன். வீட்டுக்கார அம்மாள் எட்டிப் பார்த்து, பத்து வருஷமாக இதை வாங்குகிறேன், குழம்பில் போடத் தோன்றவில்லையே என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாம் நாள் முழுவதும் இப்படியே சமைத்தும் தின்றும் தீர்ந்தது.

ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. பால் எனக்கு ஆகாது என்று அம்பிகா வீட்டில் சுந்தரம் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் சைவம் என்று மட்டும் சொல்லியிருந்தான். பழைய கதை மாதிரி, மாப்பிள்ளை வீட்டிலும் ஏதோ வியாதி என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்ததால் அவனைத் திட்ட வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் மதியம் விருந்து. நான் பட்டுப்புடவையில், மடியில் பழத்தட்டோடு, டிரைஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினேன். சுந்தரம் சைக்கிளில் கூட வந்தான். பண்டார் ஹிலிர் தாண்டுவதற்குள் டிரைஷாவின் சங்கிலி அறுந்தது. ஓட்டுகிறவர் வயதான மலாய்க்காரர். பதறவே இல்லை. ஒரு கம்பியை எடுத்துச் சங்கிலியைக் கட்டிக்கொண்டே என்னிடம் பேச்சுக் கொடுத்தார். தெருவெல்லாம் விளக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் சில நாளில் அவர்களுக்குச் சுதந்திரம். உங்களுக்குக் கிடைத்துப் பத்து வருஷம் ஆயிற்றே, எப்படி இருக்கிறது என்று கேட்டார். ரயில் இன்னும் தாமதமாகத்தான் வருகிறது, ஆனால் இப்போது திட்டினால் நம் ஆளையே திட்டலாம் என்றேன். சுந்தரம் அதைச் சொன்னதும் கம்பியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மறுபடி கட்டியும் கம்பி நிற்கவில்லை. கடைசி அரை மைல் நாங்கள் மூவரும் நடந்தோம். டிரைஷாவில் பழத்தட்டு மட்டும் ராணி மாதிரி உட்கார்ந்து வந்தது.

வாசலில் மாவிலைத் தோரணம். அம்பிகாவின் அம்மா மலாய்ப் பெண்கள் மாதிரி சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி நின்றாள். அந்தத் தெருவில் எல்லோரும் அவளைப் பீபிக் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெரியவள் என்று மரியாதை. கணவர் பொன்னம்பலம் கைகூப்பினார். அம்பிகா கான்வென்டில் படித்தவள், ஆங்கிலம் நன்றாகப் பேசினாள். நானும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள்தான். தமிழ்ப் பெண்கள் இருவர் வெள்ளைக்காரன் பாஷையில் குசலம் விசாரித்துக்கொண்டோம்.

அடுக்களையிலிருந்து தேங்காய்ப்பாலும் பாண்டான் என்கிற வாசனை இலையும் கொதிக்கிற மணம் ஆளைத் தூக்கியது. நாக்கில் நீர் ஊற உட்கார்ந்தேன். ஆனால் இலைக்கு வந்தது வேறு. பீபிக் ஒரு வாரம் முன்னாலேயே கோயில் குருக்களிடம் போய், இந்தியாவிலிருந்து வருகிற சைவக்காரர்களுக்கு என்ன சமைக்க வேண்டும் என்று விசாரித்திருக்கிறாள். அவர் தஞ்சாவூர்க்காரர், பால் பாயசம், தயிர்ச்சாதம், நெய் மணக்கும் பருப்பு என்று தன் ஏக்கத்தையெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டார். அவள் டின் டின்னாகப் பாலும் நெய்யும் வாங்கி, தெரியாத சமையலை நாலு நாள் பழகிச் சமைத்திருந்தாள். அந்த வீடு அன்றாடம் சாப்பிடுகிற தேங்காய்ப்பால் பலகாரங்கள் அத்தனையும் விருந்தாளி கண்ணில் படக்கூடாது என்று அலமாரிக்குள் போயிருந்தன. எனக்குத் தோதானதை ஒளித்துவைத்து, ஆகாததைப் பரிமாறிவிட்டு, ஒரு குடும்பமே ஆசையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பீபிக் ஒரு டம்ளர் பாயசத்தை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள். சுந்தரம் எழப்போனான். நான் கண்ணாலேயே அவனை உட்காரவைத்துவிட்டு, டம்ளரை வாங்கிக் கடகடவென்று குடித்தேன். ருசியாகத்தான் இருந்தது, பாவி மனுஷி நன்றாகவே செய்திருந்தாள்.

சோறு பாதிகூட முடியவில்லை. உதடு வீங்கிற்று. கன்னம், கழுத்து, கை எல்லாம் சிவந்து தடித்தது. பீபிக் என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள், தலைக்குமேல் கைகூப்பினாள். என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிவதற்குள் முன்கூடத்தில் பாய் விரித்து வேப்பிலை பரப்பி என்னைப் படுக்கவைத்துவிட்டார்கள். அம்மை வார்த்திருக்கிறது என்று தீர்மானம் ஆகிவிட்டது. சம்பந்தம் பேச வந்த இடத்தில் மாரியம்மனே இறங்கிவிட்டாள் என்று பொன்னம்பலம் கண் கலங்கினார். அடுப்பில் தாளிப்பது நின்றது. வாசலில் வேப்பங்கொத்து ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து என் கால் பக்கம் விழுந்து கும்பிட்டுப் போனார்கள். அம்மை கண்டவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். கடல் தாண்டி வந்தும் இவர்கள் அதை ஒரு மயிரிழைகூட விடவில்லை. தாய்ப்பாஷையை விட்டவர்கள் தாயை விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கூடவே என் லீவும் கப்பலும் போச்சே என்றும் நினைத்துக்கொண்டேன்.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். பாயசத் தடிப்புக்கு அம்மன் பெயரைச் சொல்லிக் கும்பிடு வாங்கிக்கொண்டு படுத்திருப்பது எவ்வளவு பெரிய பாவம். சொல்லிவிடலாம் என்றால், உங்கள் சாப்பாடுதான் என்னை இப்படி ஆக்கிற்று என்று விருந்து வைத்தவள் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? சுந்தரம் சுவரோரமாக, முகம் செத்து நின்றான். அப்போது பீபிக் திரும்ப வந்தாள். அம்மனைக் குளிரவைக்க, கையில் ஒரு டம்ளர் பால்.

இதற்கு மேல் குடித்தால் நிஜமாகவே அம்மனிடம் போய்ச் சேரவேண்டியதுதான். அம்பிகாவைக் கூப்பிட்டேன். இது அம்மை இல்லை, பிறந்ததிலிருந்தே எனக்குப் பால் ஆகாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் மலாயில் சொன்னாள்.  பீபிக்கின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான், தம்பியின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

"தெரிஞ்சே ஏன் குடிச்சீங்க?" என்று அம்பிகா கேட்டாள்.

"நீட்டற டம்ளரைத் தள்ளி வச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்மா. என் கல்யாணம் அதுலதான் நின்னுது."

கேட்டுவிட்டு அவள் உடனே மொழிபெயர்க்கவில்லை. என் பக்கத்தில் வேப்பிலைமேலேயே உட்கார்ந்து, என் வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் அம்மாவிடம் நிதானமாகச் சொன்னாள். நீளமாகவே சொன்னாள். பீபிக் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நேராகச் சுந்தரத்திடம் போய், இதை நீ குடி என்று கொடுத்தாள். அவன் மறுபேச்சில்லாமல் ஒரே மூச்சில் குடித்தான். முதலில் சிரித்தது பொன்னம்பலம்தான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. வீங்கிய உதட்டோடு சிரித்தால் எவ்வளவு வலிக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பாலே இல்லாமல் இந்த மனுஷிக்கு என்ன கொடுப்பது என்று பீபிக் கவலைப்பட்டாளாம். அலமாரிக்குள் இருக்கிறதைக் கொடுங்கள் என்றேன். அவள் நம்பவே இல்லை. அது நாங்கள் சாப்பிடுவது, இந்தியாக்காரர்களுக்கு எப்படி அதைக் கொடுப்பது என்று கூச்சப்பட்டாள். அம்பிகா எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள்.

வீக்கம் வடிந்த சாயங்காலம் நான் சாப்பிட்ட சாப்பாட்டை இன்றைக்கு நினைத்தாலும் பசிக்கிறது. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. பக்கத்தில் இருந்த சம்பால் என்கிற மிளகாய்த் துவையலை மட்டும் அம்பிகா நகர்த்திவைத்தாள். அதில் இறால் அரைத்த பெலாச்சான் இருக்கிறதாம், அவர்கள் அதை உப்பு மாதிரித்தான் நினைக்கிறார்கள். கொழுக்கட்டை மாதிரிப் பச்சை உருண்டை, கடித்தால் உள்ளிருந்து கருப்பட்டிப் பாகு பீறிட்டு முகவாயில் வழிகிறது. பிங்கா என்று ஒன்று: மரவள்ளிக்கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கலந்து, தகரத் தட்டில் ஊற்றி, கீழேயும் மூடிமேலேயும் கரி நெருப்பு வைத்து வேகவைத்தது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் அல்வா. எந்தத் தட்டுக்கும் நான் கையை விரித்து மறைக்கவில்லை. போதும் என்று பீபிக்தான் பயந்துபோய் நிறுத்தினாள்.

மறுநாள் காலை தபாலாபீசில் தந்தி கொடுத்தேன். 'வயிறாரச் சாப்பிட்டேன்', அவ்வளவுதான், ஆங்கிலத்தில். குமாஸ்தா படித்துவிட்டு, இதற்காகவா தந்தி என்கிற மாதிரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த நாள் அப்பாவிடமிருந்து பதில் வந்தது: 'சம்மதம். என்ன சாப்பிட்டாய்?'

அதற்குள் அம்பிகாவும் நானும் கேக் சுடுவதில் இறங்கியிருந்தோம். ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் முட்டையும் வெண்ணெயும் கண்ணில் காணக் கிடைக்காதபோது, கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் இரண்டும் இல்லாமலே ஒரு கேக் சுட்டார்களாம். அவளுக்குப் பாதி ஞாபகம் இருந்தது. மைதா, சமையல் சோடா, கொஞ்சம் வினிகர், தேங்காயெண்ணெய், கருப்பட்டி எல்லாம் தெருமுனைச் சீனர் கடையிலேயே கிடைத்தன; பாலுக்குப் பதில் சோயாப் பால். முதல் கேக் சுவர் கட்ட ஆகும். வினிகரை முதலிலேயே ஊற்றிவிட்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேறு எப்படி வரும்? இரண்டாவது தடவை கடைசியில் ஊற்றி உடனே நெருப்பில் ஏற்றினோம். மூடியைத் தள்ளிக்கொண்டு உப்பி வந்தது. நான் பிறந்ததிலிருந்து கேக் தின்றதில்லை என்று கேட்டதும் அம்பிகா முதல் துண்டை ஆறவிடாமல் என் வாயில் திணித்தாள். நாக்கு வெந்துபோயிற்று. பெண் பிடித்திருக்கிறதா என்று சுந்தரம் வாசலிலிருந்து கேட்டான். உனக்குப் பிடித்திருக்கிறதா என்றெல்லாம் இனி நான் கேட்கப் போவதில்லை, எனக்குப் பிடித்துவிட்டது என்றேன்.

ஊர் கிளம்புவதற்கு முதல் நாள் நிச்சயம் வைத்தார்கள். தெருவில் கொடிகள், உள்ளே தோரணம். தாம்பூலம் மாற்றியாயிற்று. அப்பா இடத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பாலும் பழமும் கொடுக்கிற நேரம் வந்தது. பீபிக் தட்டோடு வந்தாள். தட்டில் மூன்று டம்ளர்கள்.  அவள் அம்பிகாவையும் சுந்தரத்தையும் தாண்டி நேராக என் முன்னால் வந்து நின்று, ஒரு டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினாள்.

பதினாறு வருஷம் ஆகியும் என் கை தானாகப் பின்னால் போனது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீபிக் மலாயில் ஏதோ சொன்னாள். அம்பிகா மணப்பெண் என்பதையும் மறந்து தலைநிமிர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்: "மூணு டம்ளர்லயும் தேங்காய்ப்பால்தான் அக்கா. உங்களுக்கு ஆகாதது இந்த வீட்டு விசேஷத்துல இனிமே யாருக்கும் கிடையாதுன்னு அம்மா சொல்றாங்க."

வாங்கினேன். வெதுவெதுப்பாக, கருப்பட்டி கரைத்து, பாண்டான் இலை மணத்தோடு இருந்தது. அழுதுகொண்டே குடித்தேன், மறைக்க முயற்சி செய்யவில்லை. அடியில் தங்கிய கருப்பட்டிவரை குடித்துவிட்டு, கல்யாணப் பிள்ளையும் பெண்ணும் தங்கள் டம்ளருக்காகக் காத்துக்கொண்டிருந்தபோதே, பீபிக்கிடம் இன்னொரு டம்ளர் கேட்டேன்.